பழைய காரில் தீராத பெற்றோல் வாடை: பாகத்தை மாற்றுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நானுஓயாவை அண்டிய தோட்டமொன்றில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய கார்களின் விலையும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1989ஆம் ஆண்டின் கார்பரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பூட்டிய டொயோட்டா கொரொல்லா ஒன்றை அவரும் கணவரும் வாங்கியிருக்கிறார்கள். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது அது பல மாதங்கள் ஓடாமல் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து காருக்குள் பெற்றோல் வாடை. வார இறுதியில் கம்பளையிலுள்ள மாமியார் வீட்டுக்குப் போய், அங்குள்ள பெற்றோல் ஷெட்டில் தாங்கியை நிரப்பிக்கொண்டு புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது வாடை தாங்க முடியாததாகிறது. பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் தலைவலியும் குமட்டலும் வருகின்றன.

கம்பளையிலுள்ள கராஜில் கார்பரேட்டர் கிட், எஞ்சின் பக்கத்து ஹோஸ்கள், பெற்றோல் பில்டர் ஆகியவற்றை மாற்றியிருக்கிறார்கள், பலனில்லை. வேறொரு பாஸ் (மெக்கானிக்), தாங்கி மூடி சரியில்லை என்று சொல்லி, மூடிக்கு அடியில் பொலித்தீன் துண்டொன்றை வைத்து இறுக்கிக் கொடுத்திருக்கிறார். கார்பரேட்டரையே மாற்ற வேண்டும் என்று கராஜ்காரர் இப்போது சொல்கிறார். “பழைய கார் என்றால் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும், புகைப் பரிசோதனையில் சித்தியடைந்துவிட்டதே” என்பது கணவரின் கருத்து. இது சாதாரணமானதா, பிள்ளைகளின் தலைவலிக்கு இதுதான் காரணமா, கராஜில் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா, பேசாமல் காரை விற்றுவிடலாமா என்பவை சகோதரியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி, கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பதுதான்: “முள் முக்காலுக்குக் கீழே இறங்கிய பிறகு வாடை வெகுவாகக் குறைந்துவிடும்.” இந்த ஒரு வரியைக் கராஜில் சொல்லியிருந்தால், அல்லது அவர்கள் கேட்டிருந்தால், கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன் சற்று யோசித்திருப்பார்கள். எஞ்சின் பக்கத்தில் கசிவு இருந்தால், தாங்கி நிறைந்திருந்தாலும் காலாக இருந்தாலும் அது பெரிதாக மாறாது. பம்ப் எப்போதும் ஏறத்தாழ அதே அமுக்கத்தில்தான் பெற்றோலை அனுப்புகிறது. நிறைந்தபோது அதிகமாகவும் குறைந்தபோது சிறிதாகவும் இருக்கும் வாடை, தாங்கியின் மேற்பகுதியில், முக்கால் அளவுக்கு மேலே உள்ள ஏதோவொரு இணைப்பிலிருந்து வருகிறது என்பதே என் கணிப்பு. முன் ஆசனத்தில் இருக்கும் உங்களைவிடப் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு அது முதலில் தெரிவதும் இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் எங்கே தேடுவது என்பதைச் சொல்வதற்கு முன், காத்திருக்க முடியாத சில விடயங்கள் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

இன்றிரவே செய்ய வேண்டியவை

நெருக்கடி நாட்களில் வரிசையில் நின்று நிரப்பிய ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேன் இன்னமும் டிக்கியில் இருப்பதாகவும், அது வெறும் கேன்தான் என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெறும் கேனில் பெற்றோல்தான் இல்லை. பெற்றோல் ஆவி இருக்கிறது. நிறைந்த கேனுக்குள் காற்று கலக்க இடமில்லை, வெறும் கேனுக்குள் காற்றும் ஆவியும் கலந்து நிற்கும், ஆகவே தீப்பற்றுவதற்கு வசதியானது பின்னதுதான். அதைவிட முக்கியமாக, அந்தக் கேன் டிக்கியில் இருக்கும்வரை நீங்கள் செய்யும் எந்தப் பரிசோதனையின் முடிவையும் நம்ப முடியாது. அதை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, வீட்டிலிருந்தும் நெருப்பிலிருந்தும் விலகிய காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். டிக்கி விரிப்பையும் எடுத்துச் சில நாட்கள் வெயிலில் போடுங்கள்; துணி ஒருமுறை பெற்றோலைக் குடித்துவிட்டால் நெடுநாள் அதை விடாது.

கார் நிற்கும் இடம்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. வீட்டுக்கு மேல் தட்டில், சமையலறைக்கு இறங்கும் படிகளின் தலைப்பில் காரை நிறுத்துவதாகச் சொல்கிறீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரமானது. அது மேலே எழுந்து கலைந்துபோவதில்லை. நிலத்தை ஒட்டிச் சரிவின் வழியே இறங்கும். காற்றில்லாத இரவில் அந்தப் படிகளின் வழியாக அது உங்கள் கேஸ் அடுப்பு வரை வரக்கூடும். குளிரில் ஆவியாகாது என்று எண்ண வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை அளவிலும் பெற்றோல் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும், நுவரெலியாவில் உறைபனி படியும் தை மாதத்துக் காலை அதற்கு ஒரு குளிரே அல்ல. காரை வீட்டுக்குக் கீழ்ப்பக்கமாக, வெளியில், அயல்வீடுகளின் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் நிறுத்துங்கள். இடமில்லையென்றால், திருத்தி முடியும்வரை தாங்கியை அரைக்கு மேல் நிரப்பாதிருங்கள்.

மூடிக்கு அடியில் வைத்த பொலித்தீனை எடுத்துவிடுங்கள். தாங்கி மூச்சுவிட வேண்டும். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்று போகவும், சூடேறும்போது ஆவி உரிய குழாய் வழியே வெளியேறவும் வழி இருக்க வேண்டும். மூடியிலேயே வால்வு உள்ள கார்களில் பொலித்தீன் அந்த வழியை அடைத்துவிடும். பிறகு ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பெற்றோல் போதாமல் நின்றுபோவதும், ஆவி பலவீனமான வேறொரு மூட்டைத் தேடிப் பிதுங்குவதும் நடக்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிய மூடி வாங்குவதே திருத்தம்.

இவற்றைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு ஆவி சேர்ந்தால்தான் அது பற்றக்கூடிய கலவையாகும்; மனித மூக்கோ அதைவிட மிக மிகக் குறைந்த அளவிலேயே பெற்றோலை உணர்ந்துவிடும். வாடை வருகிறது என்பதற்காக இந்த நிமிடம் கார் எரியப்போகிறது என்று அர்த்தமில்லை. ஆனால் சொட்டு விழுவதைக் கண்டாலோ, ஓடும்போது வாடை திடீரென்று பெருகினாலோ, அடுத்த வளைவு வரை என்றுகூடப் பார்க்காமல் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிள்ளைகளுடன் சரிவின் மேற்பக்கமாக விலகி நில்லுங்கள்.

கம்பளையிலிருந்து ஏறும்போது ஏன் கூடுகிறது?

எஞ்சின் சூடாவதால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சூட்டுக்கும் பங்குண்டு, ஆனால் பெரிய பங்கு மலைக்குத்தான். கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே மூடிய தாங்கிக்குள் அடைபட்ட காற்றும் ஆவியும், மேலே வர வர வெளியே தள்ளப் பார்க்கும். அத்துடன் ஏற்றத்தில் காரின் மூக்கு நிமிர்வதால் பெற்றோல் தாங்கியின் பின்பக்கம் சாய்கிறது; இறம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் இடமும் வலமும் அலைகிறது. சமதரையில் பெற்றோல் தொடாத மூட்டுகளை எல்லாம் அது அப்போது தொடுகிறது. கொழும்பில் ஒரு வருடம் ஓடினாலும் காட்டாத கசிவை இந்த வீதி அரை மணித்தியாலத்தில் காட்டிவிடும். தேடுபவருக்கு அது உதவிதான்.

ஷெட்டில் நிரப்பும் விதத்தையும் கவனியுங்கள். குழாய் தானாக ஒருமுறை நின்ற பிறகும், கணக்கை முழு ரூபாவாக்குவதற்காக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கழுத்து வரை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். ஆவிக்காகத் தாங்கியில் விடப்பட்ட இடம் அதனால் இல்லாமல் போகிறது. கனிஸ்டர் என்று கராஜில் சொல்லும் கரிக்கலம் உங்கள் காரில் இருந்தால், ஆவியைப் பிடித்து வைத்து எஞ்சினுக்கு அனுப்புவது அதன் வேலை. திரவப் பெற்றோலே அதற்குள் ஏறிவிட்டால் கரி நனைந்து பயனற்றுப்போகும். சில கார்களில் பழைய பாஸ்மார் அந்தக் கலத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹோஸை வாய் திறந்தபடி விட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன். முதல் முறை நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே, எப்படித் தேடுவது

உங்கள் காரில் மூன்று இடங்களை நான் சந்தேகிக்கிறேன். முதலாவது, பெற்றோல் ஊற்றும் கழுத்தைத் தாங்கியோடு இணைக்கும் தடித்த ரப்பர் ஹோஸ். டிக்கியின் பக்கவாட்டு மட்டையை எடுத்தால் பெரும்பாலும் கண்ணில் படும். இரண்டாவது, அதன் அருகே ஓடும் மெல்லிய காற்றுக் குழாய்கள். மூன்றாவது, தாங்கியின் மேலே பூட்டப்பட்டிருக்கும் பெற்றோல் அளவு காட்டும் மிதவையின் ரப்பர் வளையம். பின் ஆசனத்தின் அடியில் அல்லது டிக்கித் தரையில் உள்ள வட்ட மூடியைத் திறந்தால் அது தெரியும். கார் மாதக்கணக்கில் நின்ற காலத்தில் இந்த ரப்பர்கள் எல்லாம் காய்ந்து விறைத்திருக்கும். முப்பது வயதைக் கடந்த ரப்பருக்கு அந்த ஓய்வு நன்மை செய்யாது. நீங்கள் மறுபடி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து வாடை வருவது தற்செயலானதல்ல.

பகலில், வெளியில், எஞ்சின் ஆறியபின், மேலே சொன்ன கேனையும் விரிப்பையும் நீக்கிச் சில நாட்கள் கழித்து, தாங்கி நிறைந்திருக்கும் ஒரு நாளில் தேடுங்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு டோர்ச் மட்டும். லைட்டரும் தீக்குச்சியும் கிட்டவும் வரக்கூடாது, வயர் இழுத்த பல்ப் விளக்கும் வேண்டாம், அது கீழே விழுந்து உடைந்தால் அந்த ஒரு பொறி போதும். பெற்றோல் கசியும் மூட்டில் தூசி ஈரமாகி, காய்ந்து, பழுப்புக் கறை படிந்திருக்கும்; பல வேளைகளில் சொட்டு ஒன்றும் இருக்காது, இந்தக் கறைதான் சாட்சி. சந்தேகமான இடத்தைத் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, மூக்கு நிமிரும்படி சரிவில் காரை ஒரு மணித்தியாலம் நிறுத்திவையுங்கள். நனைந்த இடம் நிறம் மாறிக் காட்டும்.

மோந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சில நிமிடங்களிலேயே மூக்கு பெற்றோலுக்குப் பழகிவிடும். அதன் பிறகு “இப்போது வரவில்லையே” என்று சொல்வது உண்மையாக இருக்காது. காரில் வந்தவர் பார்க்காமல், வீட்டுக்குள்ளிருந்து புதிதாக வெளியே வருபவர் டிக்கியையும், ஆசனத்தின் அடியையும், பொனட்டையும் தனித்தனியாக மோந்து சொல்லட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: முள் எங்கே நின்றது, ஏற்றமா இறக்கமா, ஓடும்போதா நின்ற பிறகா, முன்னாலா பின்னாலா. ஆசிரியையான உங்களுக்கு இது பெரிய வேலையில்லை; பாஸுக்கோ இது பொன்னான தகவல்.

பின்பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் வாடை தொடர்ந்தால், எஞ்சினோடு பூட்டிய பெற்றோல் பம்பின் டயப்ரத்தை, அதாவது உள்ளே அசையும் சவ்வைப் பாருங்கள். அது கிழிந்தால் பெற்றோல் வெளியே கசியலாம், அல்லது ஒயிலுக்குள் இறங்கலாம். ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால், அளவு கூடியும் பெற்றோல் மணத்துடனும் இருக்கும். அப்படி இருந்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். மெலிந்த ஒயில் எஞ்சினின் பெயாரிங்குகளைக் காப்பாற்றாது.

தலைவலியும் புகைப் பரிசோதனையும்

பெற்றோல் ஆவியே தலைவலியும் குமட்டலும் தரும். அதிலுள்ள பென்சீன் நீண்டகாலத்தில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்பதால் “கொஞ்சம் மணக்கத்தான் செய்யும்” என்ற உங்கள் கணவரின் பேச்சை நான் ஏற்கமாட்டேன். கார்பரேட்டர் காரில், சூடான எஞ்சினை அணைத்த பின் பொனட் பக்கம் சில நிமிடங்கள் இலேசாக வாடை வருவது உண்டு, அதை மன்னிக்கலாம். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஓடும்போது வருவதை மன்னிக்க முடியாது.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கம்பளையில் டியூன் செய்த கார்பரேட்டர் அங்கே தேவைக்கு அதிகமாகப் பெற்றோல் ஊற்றும். எரியாத பெற்றோலும் காபன் மொனொக்சைட்டும் சைலன்சர் வழியே வெளிவரும். ஓடும் காரின் பின்னால் அமுக்கம் குறைவதால், டிக்கி ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் புகை உள்ளே இழுக்கப்படும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. அதன் முதல் அறிகுறிகளும் தலைவலியும் குமட்டலும்தான். எனவே டிக்கி ரப்பரையும் சைலன்சர் குழாயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், டியூனிங்கை நுவரெலியாவிலேயே செய்துகொள்ளுங்கள், மூடுபனியில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். பின் கண்ணாடியை மட்டும் திறப்பது பயனற்றது; முன் கண்ணாடிகளையும் திறந்து வையுங்கள். இடைக்காலத்தில் பிள்ளைகளை அந்த ஏற்றத்தில் பஸ்ஸில் கூட்டிச்செல்வதே எனக்கு நிம்மதியாகத் தோன்றுகிறது. காரிலிருந்து இறங்கிய பின்னும் தலைவலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டி, இந்த விடயத்தையும் சொல்லுங்கள்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழைப் பற்றி: வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யப்படும் அந்தப் பரிசோதனை, எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது சைலன்சர் குழாயில் வெளிவருவதை மட்டுமே அளக்கிறது. தாங்கியின் மேல் மூட்டில் ஆவி கசிகிறதா என்பதை அது அளப்பதில்லை. சித்தியடைந்த காரிலும் பெற்றோல் ஒழுகலாம்.

கராஜும் பணமும்

மாற்றிய பாகங்கள் வீண் என்று முழுமையாகச் சொல்ல மாட்டேன். அந்த வயதுக் காருக்கு எஞ்சின் பக்கத்து ஹோஸ்கள் எப்படியும் மாற்ற வேண்டியவைதான். ஆனால் “வாடை போகும்” என்று உறுதி சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் பற்றுச்சீட்டுடன் போய்ப் பேசுவதில் தவறில்லை. கார்பரேட்டரை மாற்றும் யோசனைக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். கசியும் இடத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பின் பேசலாம். பேச்சில் தீராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால் திகதியைப் பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எந்த முறைப்பாடும் பலவீனமானதே. இனிமேல் கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாகம் வாங்கும்போது, கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், இரும்புப் பாகத்துக்கு அதைக் கேளுங்கள், ரப்பருக்குக் கேட்காதீர்கள். அதுவும் உங்கள் ஹோஸின் வயதைத்தான் கொண்டிருக்கும். மெல்லிய குழாய்களுக்குப் பெற்றோலுக்கென்றே செய்த, எஸ்.ஏ.ஈ. ஜே30 என்று அச்சிட்ட ஹோஸ் வேண்டும். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் சில மாதங்களில் விறைத்து வெடிக்கும். தாங்கியிலேயே துரு ஓட்டை இருப்பதாகச் சொல்லி, வாகனத்தில் இருக்கும்போதே வெல்டிங் வைக்கலாம் என்று எவரேனும் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முழுமையாகக் கழுவி ஆவி நீக்காத வெறுந்தாங்கியில் நெருப்பு வைத்து உயிரிழந்த தொழிலாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெற்றோல் இறக்கும் வேலையைக் கராஜ் குழியின் மேல் செய்யவும் விடாதீர்கள். ஆவி குழிக்குள் இறங்கித் தேங்கும்.

விற்பனையைப் பொறுத்தவரை, நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் தெரிந்த ஆபத்தை மறைத்து விற்பது பின்னர் வழக்காக வரக்கூடும் என்பதையும், வாங்குபவரின் பின் ஆசனத்திலும் பிள்ளைகள் இருக்கலாம் என்பதையும் நீங்களே அறிவீர்கள். சொல்லிவிட்டு விற்றால் விலை வெகுவாகக் குறையும். நான் கணித்தபடி ஒரு ஹோஸும் ஒரு ரப்பர் வளையமும்தான் காரணம் என்றால், திருத்தும் செலவு அந்த விலைக்குறைப்புக்குக் கிட்டவும் வராது. உங்கள் காப்புறுதி மூன்றாம் தரப்புக்கானது மட்டும் என்று எழுதியிருப்பதால் இதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள்: கார் எரிந்தால் உங்கள் காருக்கு அதில் ஒரு சதமும் கிடைக்காது.

பின் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்த பிறகு, கறை எங்கே இருந்தது, அப்போது முள் எந்த அளவில் நின்றது என்ற இரண்டையும் எழுதி அனுப்புங்கள். கறையே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அடுத்துக் கரிக்கலத்திலிருந்து தொடங்கலாம்.